ஏழு புள்ளி, நாலு வரை

நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, வேலை முடிந்த கையோடு இந்தச் சமூக மன்றத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'பிறர் பார்வைக்கு அஞ்சும் மனத்தைத் தேற்றுவது பாராட்டா, படைப்பா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, "நாலு பேர் நல்லதாகச் சொன்னால்தான் கூச்சம் விலகும்" என்றார். அந்தச் சொல்லில் உள்ள அன்பை நான் மறுக்கவில்லை. ஆனால் தீபாவளியன்று நம் வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். "எங்க பாப்பா அழகாப் பாடுவா. மாமாவுக்குப் பாடிக் காட்டும்மா" என்கிறோம். அதுவும் பாராட்டுதான். பிள்ளை என்ன செய்கிறது? அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. கூடத்திலிருந்த அத்தனை கண்களையும் அந்தப் பாராட்டு அதன் முகத்தில் கொண்டுவந்து குவித்துவிட்டது, நடுவர் அவர்களே. இனி அந்த நல்ல பெயரையும் அது காப்பாற்றியாக வேண்டும்.

அந்தப் பிள்ளையாக இருந்தவள் நான். உயர்நிலை இரண்டில் எழுந்து வாசித்தபோது ழகரம் தவறியது. ஒருவர் சிரித்தார், வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு வாய்மொழித் தேர்வு என்றாலே இரண்டு நாள் முன்பே வயிறு கலங்கும். எம்ஆர்டி ரயிலில் ஏறினால்கூட எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருக்கும்.

அப்படி எல்லாரும் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2000இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், போட்டுக்கொள்ளவே கூச்சமான படம் உள்ள டீ-சட்டையை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று சட்டை போட்ட மாணவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். ஆனால் இதை அறிந்துகொண்டதால் மட்டும் கால் நடுக்கம் நிற்காது. அறிவுக்குத் தெரிந்தது உடம்புக்கும் தெரிய, கைக்கு ஒரு வேலை வேண்டும்.

எனக்கு அந்த வேலையைத் தந்தவர் என் பாட்டி. பொங்கலுக்கு முந்தைய இரவு, ஆறாம் மாடி நடைவழியில் அரிசி மாவைக் கையில் கொடுத்து, "ஏழு புள்ளி, இடைப்புள்ளி, நாலு வரை. சிக்குக் கோலம் போடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மின்தூக்கியிலிருந்து வந்தவர்கள் நின்றார்கள். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக், நின்றார். சைக்கிளைத் தள்ளிவந்த சீனப் பையனும் நின்றான். எனக்கு நிமிர நேரமில்லை. ஒரு வளைவு தப்பினால் இழை போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேராது. அவர்கள் கண்களெல்லாம் என் விரல்நுனியில் இருந்தன, என் கண்ணும் அங்கேதான் இருந்தது. "நல்லா இருக்கு" என்று அன்று எவரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

கூச்சம் வந்தால் கவனம் முழுக்க நம் மேலேயே திரும்பிவிடுகிறது. குரல் நடுங்குகிறதா, கை வியர்க்கிறதா என்று நம்மை நாமே வேவு பார்க்கிறோம். இந்தப் பதற்றம் தணியாமல் நீடிக்க அதுவும் ஒரு முக்கியக் காரணம் என்பது உளவியல் சொல்வது. புள்ளி எண்ணும் மனத்துக்கு, தாளம் எண்ணும் மனத்துக்கு, வேவு பார்க்க இடம் ஏது?

தெருக்கூத்தைப் பாருங்கள். வேடம் கட்டியவர் நேரே வந்து நிற்பதில்லை. இருவர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்று பாடுகிறார். குரல் வருகிறது, சலங்கை வருகிறது, அப்புறம்தான் முகம். சபைக்கு முன் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும் வழி அந்தத் திரைக்குள் இருப்பதாகவே நான் காண்கிறேன்.

எதிரணி நண்பர் ஒருவர், அஞ்சாமையைச் சபையின் கைதட்டல்தான் தரும் என்று சொல்லி, வள்ளுவரையும் துணைக்கு அழைத்தார். 'அவை அஞ்சாமை' அதிகாரத்தின் 725ஆம் குறளைப் பார்க்கட்டும். அவையில் அஞ்சாமல் விடை சொல்வதற்காகக் கற்கச் சொல்கிறார் வள்ளுவர். கைதட்டலைத் தேடச் சொல்லவில்லை, ஐயா.

எனக்குப் பயம் முற்றும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இந்த ஒலிவாங்கியைப் பிடித்தபோதுகூட உள்ளங்கை ஈரமானது. ஆனாலும் வந்து நிற்கிறேன்.

அன்று போட்ட கோலம் மறுநாள் காலையில் யாரோ மிதித்து ஒரு மூலை கலைந்திருந்தது. எல்லாரும் வேலைக்குக் கிளம்பும் நேரம். நடைவழி நிறைய ஆட்கள். மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து, அத்தனை பேர் நடுவே மறுபடியும் குந்தி உட்கார்ந்தேன்.

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.