தனுஷ்கோடிச் சுவருக்குச் சிமெண்ட் வேண்டாம்

அவைத் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வருவாய்க் கோட்டாட்சியர் அவர்களே, பொதுப்பணித் துறைச் செயற்பொறியாளர் அவர்களே, மீனவர் கூட்டுறவுச் சங்கப் பெரியவர்களே, ரயில்வேயில் ஓய்வு பெற்ற மூத்தோரே, நாற்காலி கிடைக்காமல் தூணோரம் நிற்கும் கொத்தனார் தம்பிகளே! பேச்சு உங்களுக்காகத்தான். மேடையில் இருப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். செயற்பொறியாளருக்கு இரண்டு சால்வை போட்டிருக்கிறோம். ஏன் இரண்டு என்பது பேச்சு முடிவதற்குள் அவருக்கே புரிந்துவிடும்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். புயலில் சிதைந்த தனுஷ்கோடியில் எஞ்சி நிற்கும் சுவர்களைக் காப்பது பற்றித்தான் இன்று மூன்று தலைப்பில் சொல்லப்போகிறேன். ஊர் வந்த கதை, சுவர் நிற்கும் கதை, பழைய பாம்பன் பாலத்தின் கதி.

ரயிலுக்காக வளர்ந்த ஊர் தனுஷ்கோடி. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும், எழும்பூரில் ஏறியவர் ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம் என்றானது. தனுஷ்கோடித் துறையில் இறங்கிக் கப்பல் ஏறினால், ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் தலைமன்னார். அங்கே அடுத்த ரயில் காத்திருக்கும். அதுதான் போட் மெயில். அன்று ராமேசுவரத்துக்குப் போனது பாம்பனில் பிரியும் கிளைப்பாதை, தனுஷ்கோடிக்குத் தனிப்பாதை. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், மாதா கோயில், பிள்ளையார் கோயில் என எல்லாம் இருந்தன.

1964 டிசம்பர் 22 இரவு அந்தப் புயல். பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலை, தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் கொண்டுபோனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் ரயிலோடு போனார்கள். ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது.

பாலமும் போனது. கப்பலுக்குத் திறக்கும் ஷெர்ஸர் தூக்குப் பகுதி தப்பியது. தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரங்களான கர்டர்கள் 126 கடலுக்குள். ஆறு மாதத்தில் சரிசெய்யுங்கள் என்றது ரயில்வே. மூன்றே மாதம் என்றார் மேலதிகாரி. பொறுப்பு யாரிடம்? 32 வயதுப் பொறியாளர் ஒருவரிடம். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டிய அதே இ. ஸ்ரீதரன்! புதுக் கர்டர் செய்து, ஏற்றி, கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மூன்று மாதமும் கரைந்துவிடும். அப்போது மீனவர்கள் சொன்னார்கள், கர்டர்கள் கடலடியில் கிடக்கின்றன என்று. (கைதட்டல்.) பொறுங்கள், இன்னும் இருக்கிறது. கிடந்ததைத் தூக்கினார்கள், கழுவினார்கள், பழைய தூண்மேலேயே ஏற்றினார்கள். 46 நாளில் பாலம் தயார்! விழுந்த பொருளைக் குப்பை என்று நினைக்காதவரின் வேலை அது. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஏனென்றால் தனுஷ்கோடியில் எஞ்சிய சுவர்களிலிருந்து இன்று கல் விழுகிறது. கல் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல்; கற்களை இணைப்பது சுண்ணாம்புச் சாந்து. சுவர் உப்புநீரைக் குடிக்கும், வெயிலில் உலரும். நீர் ஆவியாகும்போது உப்பு உள்ளேயே படிகமாகி விரியும். சாந்து மென்மையாக இருந்தால் உடைவது சாந்து. சுரண்டி எடுத்துப் புதிது வைக்கலாம். மேலே சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை, உப்போடு கல்லுக்குள்ளேயே தங்கிவிடும். பூச்சு பளபளப்பாக நிற்கும், அதன் பின்னால் கல் மாவாகும். இரண்டு மழைக்காலம் கழித்துப் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்போது கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். அப்புறம் எந்தச் சுவரில் சித்திரம் எழுதுவது?

தம்பிகளே, கவனியுங்கள். பழைய இணைப்பைக் கை உளியால் எடுங்கள். கிரைண்டர் கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். இணைப்பின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் தோண்டுங்கள். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, அதிகம் வேகாத செங்கல்லை இடித்த தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு. முதலில் ஓர் ஓரத்தில் சோதனை. மணல் ஆற்று மணல். காலடியில் கிடக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளினால் உப்பை நீங்களே சுவருக்குள் வைக்கிறீர்கள். தண்ணீரும் நன்னீர். அங்கே கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும், உண்மைதான். ஆனால் அது மீனவர் வீட்டுக் குடிநீர், அதைத் தொடாதீர்கள், லாரியில் கொண்டுவாருங்கள். கல்லை நனைத்துவிட்டு, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் அடையுங்கள். மேலே ஈரச் சணல் சாக்கு குறைந்தது ஏழு நாள் போர்த்தியிருக்கட்டும். அந்தக் காற்றில் சாக்கில்லாத சாந்து சாயங்காலத்துக்குள் வெடிக்கும். பழைய முறையில் சாந்தில் சேர்க்கும் கடுக்காய், வெல்லம் எவ்வளவு என்று கேட்பீர்கள். அளவு தெரியாதவர் வெல்லம் போட்டால் எறும்புக்குத்தான் விருந்து.

புதுக் கல் கேட்காதீர்கள். பவளப்பாறை வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் உள்ளது, வெட்டினால் வழக்கு. ஆகவே விழுந்த ஒவ்வொரு கல்லுக்கும் எண், விழுந்த இடத்தில் ஒரு புகைப்படம், பிறகு அடுக்கு. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் வண்டி நேராகச் சுவருக்கே போகிறது. பெயர் கீறுகிறார்கள், நினைவுக்கு என்று கல்லும் எடுக்கிறார்கள். அந்த நினைவு அவர்கள் வீட்டு அலமாரியில் தூசி குடிக்கும். இங்கே சுவரில் ஒரு ஓட்டை.

மூன்றாவது, பழைய பாம்பன் பாலம். 2025-இல் புதுப் பாலம் திறந்தாயிற்று, பழையதை... மணி அடித்துவிட்டார்கள். சரி, இன்னொரு மேடையில்.

செயற்பொறியாளர் அவர்களே, இரண்டாவது சால்வை இதற்குத்தான். அடுத்த மதிப்பீட்டில் ‘சிமெண்ட் கலவை’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘சுண்ணாம்புச் சாந்து, சோதனைச் சுவர் உட்பட’ என்று எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வேலை முடிய வேண்டும். ஈரம் இறங்கிவிட்டால் சாந்து இறுகாது. சணல் சாக்குக்குத் தனி வரி வேண்டாம், இந்தக் கூட்டமே வசூலித்துத் தரும். நன்றி, வணக்கம்.