தேதி கிடைக்கும் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

சதைப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துவிட்டது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், ஆரம்ப நிலை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அங்கே போனால், “ஸ்லைடை எங்கள் லேபிலும் ஒருமுறை பார்க்கணும், எம்.ஆர்.ஐ. எடுக்கணும், மூணு வாரம் கழிச்சு வாங்க” என்கிறார்கள். இன்று பேசப்போவது அந்த மூன்று வாரத்தைப் பற்றி மட்டும்தான். நடைமுறையில் அது ஐந்து ஆறு வாரமாகவும் நீளும்.

இந்த இடைவெளியில் காரியம் இரண்டு விதமாகக் கெடுகிறது. பயந்துபோய், பக்கத்திலேயே ஓரிடத்தில் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது ஒன்று. ஆடி கழியட்டும், அறுவடை முடியட்டும் என்று தேதியைத் தள்ளிக்கொண்டே போவது இன்னொன்று. முதலாவதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அது நல்லெண்ணத்தில் நடக்கிறது.

இந்த நோய் ஒரே மாதத்தில் முளைத்து வந்ததல்ல. எச்.பி.வி. என்ற வைரஸ், பெரும்பாலும் அதன் 16, 18 ஆம் வகைகள், கர்ப்பப்பை வாயில் தங்கி, செல்களை மெல்ல மெல்ல மாற்றி, புற்றுநோயாக ஆவதற்குப் பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே பரிசோதனைக்கென்று போகும் மூன்று நான்கு வாரம் வீணான காலம் அல்ல. மாதக்கணக்கில் இழுத்தால் அந்தக் கணக்கு மாறிவிடும்.

அந்த வாரங்களில் மருத்துவர்கள் அளந்துகொண்டிருக்கிறார்கள். நோய் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது, கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்பதைப் பொறுத்தே சிகிச்சை முடிவாகும். 2018இல் திருத்தப்பட்ட உலக வகைப்பாட்டின்படி, ஆழம் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அது ‘ஒன்று ஏ’ நிலை. அதைத் தாண்டி, கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஒன்று பி ஒன்று. 4 சென்டிமீட்டர் வரை ஒன்று பி இரண்டு. அதற்கு மேல் ஒன்று பி மூன்று. ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் என்றால், குழந்தை வேண்டும் என்கிற பெண்ணுக்குக் கூம்பு வடிவில் கொஞ்சம் சதையை மட்டும் வெட்டியெடுத்தாலே பல நேரம் போதும். 4 சென்டிமீட்டருக்கு மேல் போனால் பொதுவாக அறுவை கிடையாது. கதிர்வீச்சு, அதாவது நம் ஊரில் சொல்கிற ‘கரண்ட் வைப்பது’, கூடவே வாரம் ஒரு கீமோ. இடுப்பு நெறிக்கட்டியில் நோய் ஏறியிருந்தால், கட்டி சிறியதாக இருந்தாலும் அது மூன்றாம் நிலையாகக் கணக்கு. இத்தனையும் ஸ்லைடையும் எம்.ஆர்.ஐ.யையும் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

இப்போது அந்த அவசர ஆபரேஷனுக்கு வருவோம். “கர்ப்பப்பையில்தானே நோய்? நாளைக்கே எடுத்துடலாம்” என்று யாராவது சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் ஃபைப்ராய்டு என்கிற, புற்றுநோய் அல்லாத கட்டிக்கு எடுக்கிற மாதிரி கர்ப்பப்பையை மட்டும் எடுப்பது வேறு ஆபரேஷன். புற்றுநோய்க்குச் செய்வது, வியன்னாவில் 1898இல் வெர்தைம் என்பவர் தொடங்கிவைத்த முறை. கர்ப்பப்பையோடு இருபுறமும் உள்ள திசு, பிறப்புறுப்பின் மேல்பகுதி, இடுப்பு நெறிக்கட்டிகள் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். சிறுநீர்க் குழாய்களைப் பிரித்து ஒதுக்கிக்கொண்டு செய்வதால் மூன்று நான்கு மணி நேரம் ஆகும். தியேட்டர் லிஸ்ட்டில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டுக்கு மேல் போட முடியாததும் உங்களுக்குத் தேதி தள்ளிப்போவதும் இதனால்தான்.

சாதாரண முறையில் எடுத்துவிட்டு, பிறகு ஓரத்தில் நோய் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால், கரண்ட் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். உள்ளே குழாய் வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சுக்கு அந்தக் குழாய் கர்ப்பப்பைக்குள்தான் நிற்கும். கர்ப்பப்பையே இல்லையென்றால் குழாய்க்கு நிற்க இடமில்லை. அளவு முழுமையாகப் போய்ச்சேர்வது கடினம். 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஆழம் குறைந்த சில கட்டிகளுக்குச் சாதாரண அறுவையே போதும் என்று 2024இல் ஒரு பெரிய ஆய்வு வந்திருப்பது உண்மை. அதிலும் நெறிக்கட்டிகளை ஆராய்ந்தார்கள், கட்டியையும் ஆழத்தையும் அளந்த பிறகே அந்த முடிவை எடுத்தார்கள். இன்னொன்று: “லேப்ராஸ்கோப்பி என்றால் சீக்கிரம் முடித்துவிடலாம்” என்ற பேச்சும் வரும். வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்வது அது. இந்த நோயில் வயிற்றைத் திறந்து செய்தவர்களே கூடுதல் நாள் நன்றாக இருந்தார்கள் என்று 2018இல் வந்த ஆய்வு காட்டியது. இரண்டையும் அறுவை செய்பவரிடமே நேராகக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏற்கெனவே கூம்பு வடிவில் சதை எடுத்திருந்தால், பெரிய அறுவைக்கு ஆறு வாரம் பொறுக்கச் சொல்வது பல இடங்களில் வழக்கம். புண் ஆறிய பிறகு திசு நன்றாகப் பிரியும் என்பதுதான் காரணம். மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த நாட்களில் தாம்பத்தியம் வேண்டாம். உள்ளே கழுவுவதும், பச்சிலை, படிகாரம் என்று எதையாவது வைப்பதும் கூடாது.

அடுத்தது காகிதங்கள். சலிப்பான விஷயம்தான், ஆனால் தேதி தவறுவது பெரும்பாலும் இங்கேதான். சதைப் பரிசோதனை செய்த லேபில் மூன்று பொருள் கேட்டு வாங்க வேண்டும்: ரிப்போர்ட், கண்ணாடி ஸ்லைடு, மெழுகுக் கட்டி. பிளாக் என்பார்கள். உங்கள் சதை அந்த மெழுகுக்குள்தான் இருக்கிறது. ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் பிளாக்குக்காக இன்னொரு வாரம் அலைகிறார்கள். ஸ்லைடைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வையுங்கள். பிளாக்கைச் சேலத்து வெயிலில் காரின் டாஷ்போர்டு மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், மெழுகு இளகிவிடும். ரிப்போர்ட்டில் ‘சின் த்ரீ’ என்று மட்டும் இருந்தால் அது புற்றுநோய்க்கு முந்தின கட்டம். ‘இன்வேசிவ்’ என்று இருந்தால்தான் இங்கே பேசும் நோய். முதல்கட்டச் சோதனையில் வினிகர் தடவிப் பார்த்ததில் வெள்ளையாகத் தெரிந்தது என்பது இரண்டும் அல்ல.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றும் வேண்டும். இடிப்பது பெயர்தான். பிறந்த வீட்டு ரேஷன் கார்டில் இன்னும் பெயர் இருக்கும் மருமகள், ஆதாரில் அப்பா இனிஷியலும் குடும்ப அட்டையில் கணவர் இனிஷியலுமாக இருக்கும் அம்மா, இவர்கள் எல்லாம் அட்மிஷன் அன்றைக்குக் கவுண்டரில் நின்று திணறுகிறார்கள். காத்திருக்கும் முதல் வாரத்திலேயே ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் அட்டையைக் காட்டி, உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சந்தேகம் கேட்க 1800 425 3993, கட்டணமில்லாத எண். சேலத்திலிருந்து காஞ்சிபுரம் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கோ, அடையாறுக்கோ, வேலூருக்கோ எழுதிக் கொடுத்திருந்தால், ரயில் சலுகைப் படிவத்தை ஆஸ்பத்திரியிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் குறைவு. இதைச் சேலம் ஜங்ஷன் முன்பதிவுக் கவுண்டரில் அந்தப் படிவத்தைக் கொடுத்து வாங்க வேண்டும்.

இரத்த அளவு குறைவாக இருப்பதாலும் தேதி தள்ளிப்போகும். ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இருந்தால் மயக்க மருத்துவர் யோசிப்பார். கதிர்வீச்சும் சரியாக வேலை செய்யாது. மாத்திரையில் ஒரு கிராம் ஏற இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் முதல் நாளே தொடங்க வேண்டும். ஏற்காட்டுக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: காப்பித் தோட்டத்தில் இருந்துகொண்டு, இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு விழுங்கினால் பாதிகூட உடம்பில் சேராது. டீயும் பாலும் அப்படித்தான். மாத்திரைக்கு முன்னால் ஒரு மணி நேரமும் பின்னால் இரண்டு மணி நேரமும் இவை வேண்டாம். எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். கால்சியம் மாத்திரை இருந்தால் அதை வேறு வேளைக்கு மாற்றுங்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்த வேண்டாம். அளவு ரொம்பக் குறைவென்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள், அல்லது இரத்தம். ஒரு யூனிட் இரத்தம் சுமார் ஒரு கிராம்தான் ஏற்றும். ஆகவே உறவில் யார் இரத்தம் கொடுக்க முடியும் என்று இப்போதே பேசி வையுங்கள்.

எம்.ஆர்.ஐ. பற்றி ஒரே ஒரு விஷயம். தாலிக்கொடியில் ஊக்கு கோத்து வைக்கிற வழக்கம் நம் பெண்களிடம் உண்டு. அந்த ஊக்கு எஃகு. எம்.ஆர்.ஐ. இயந்திரமே பெரிய காந்தம், அதற்குள் ஊக்கு பாயும். முதல் நாளே தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றுங்கள். பல வருஷமாகக் கழற்றாத மெட்டி விரலில் இறுகியிருந்தால் வீட்டில் எண்ணெய் தடவிக் கழற்றிவிடுங்கள். அங்கே போய் இழுத்துக்கொண்டிருந்தால் உங்கள் முறை போய்விடும். காப்பர் டி இருந்தால் சொல்லிவிடுங்கள்.

மருத்துவர் கேட்காமலே நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது, இன்னும் குழந்தை வேண்டுமா என்பது. கட்டி 2 சென்டிமீட்டருக்குள் என்றால் கர்ப்பப்பை வாயை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையை வைத்திருக்கும் அறுவை உண்டு. எல்லோருக்கும் பொருந்தாது, எல்லா இடத்திலும் செய்யவும் மாட்டார்கள். கரண்ட் வைத்தால் மாதவிலக்கு நின்றுவிடும். முடிவான பிறகு கேட்டுப் பயனில்லை.

கரண்ட் என்று முடிவானால் கணக்கு வேறு. வெளியிலிருந்து சுமார் 25 தடவை, வாரத்துக்கு ஐந்து நாள், பிறகு உள்ளே குழாய் வைத்து. எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். நடுவில் விட்டால், தொடங்கத் தாமதமானதைவிட அது மோசம். ஏற்காட்டு மலையில் நாகலூரிலிருந்தோ மாரமங்கலத்திலிருந்தோ தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறிச் செய்யக்கூடிய காரியமில்லை இது. காத்திருக்கும் நாட்களிலேயே கீழே தங்க இடம், வீட்டில் சமையலுக்கு ஆள், பிள்ளைகளை யார் பார்ப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில் எட்டு வாரக் கூலி போவது சின்ன விஷயமல்ல, அதை மறுக்கவில்லை. கோட்டை மாரியம்மனுக்கு ஆடிப் பண்டிகை என்பதாலும் தேதியைத் தள்ளுகிறார்கள். மாரியம்மன் அடுத்த ஆடியிலும் இருப்பாள்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. வைரஸ் எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, இருபது வருஷத்துக்கு முந்தையதாகக்கூட இருக்கலாம். அது யாருடைய நடத்தைக்கும் சாட்சி அல்ல. புற்றுநோய் தட்டு, தம்ளர் வழியாக ஒட்டாது.

கடைசியாக இரத்தப்போக்கு. கொஞ்சம் திட்டாகப் படுவது, நாற்றத்தோடு வெள்ளைப்படுவது எல்லாம் அடுத்த தேதியில் சொல்லிக்கொள்ளலாம். ஒரு நாப்கினோ மடித்த துணியோ ஒரு மணி நேரத்தில் நனைந்து, அடுத்த மணியிலும் அப்படியே நனைந்தால் உடனே கிளம்ப வேண்டும். கட்டி கட்டியாகப் போவது, எழுந்தால் கண் இருட்டுவது, குளிர்க் காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்குவது, சிறுநீர் குறைவது அல்லது தானாகக் கசிவது, இவையும் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாதவை. 108க்குப் பேசும்போது ‘தீட்டு அதிகமாப் போகுது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். “கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் உறுதியாகியிருக்கு” என்று சொல்லுங்கள். பார்க்கிறவர் உள்ளே விரல் வைத்துச் சோதிப்பதைத் தவிர்ப்பார். மலையில் இருப்பவர்கள் நேராகச் சேலத்துக்கு இறங்க வேண்டாம். முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனையில் நரம்பில் ஊசி போட்டு, உள்ளே துணி வைத்து அழுத்தி, இரத்தத்தை நிறுத்திக்கொண்டு இறங்குங்கள். எத்தனை துணி வைத்தார்கள், எத்தனை மணிக்கு வைத்தார்கள் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக 24 மணி நேரத்துக்குள் அவற்றை எடுத்துவிட வேண்டும். கீழே எடுக்கிறவருக்கு எண்ணிக்கை தெரியாவிட்டால் ஒன்று உள்ளேயே தங்கிவிடும்.

வணக்கம்.