மதகு மூடும் முன்பே முடிவாகிவிடும் கேடுகள்

அவையோருக்கு வணக்கம்.

பெரிய அணை என்றதும் எத்தனை மெகாவாட் என்று கேட்கிறோம். ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் எவ்வளவு நிலம் மூழ்குகிறது என்பதையும் அதோடு சேர்த்துக் கேளுங்கள். பிரேசிலின் பல்பினா அணையின் நிறுவுதிறன் 250 மெகாவாட். அதற்காக மூழ்கிய அமேசான் நிலம் ஏறக்குறைய 2,360 சதுர கிலோமீட்டர். நிலம் தட்டையாக இருந்ததால் நீர் ஆழமில்லாமல் பரந்து நின்றது. மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமலே நீரை நிரப்பினார்கள். இந்தக் கேட்டுக்கு அணையை இயக்கியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்த அன்றே அது முடிவாகிவிட்டது. என் பேச்சு முழுவதும் இதைப் பற்றித்தான்.

மூழ்கிய மரமும் மண்ணும் என்ன ஆகின்றன? கோடையில் ஆழமான நீர்த்தேக்கம் இரண்டு அடுக்காகப் பிரிகிறது. மேலே வெதுவெதுப்பான நீர், கீழே குளிர்ந்த கனத்த நீர். இரண்டும் கலப்பதில்லை. அடியில் அழுகல் நடக்க நடக்க ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. பிறகு பூமியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேனும், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் உருவாகின்றன. மண்ணிலுள்ள பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசம் என்ற நச்சாக மாற்ற, அது மீன் வழியாக மனிதர் உடலில் சேர்கிறது. டர்பைனுக்கு நீர் எடுக்கும் வாய் ஆழத்தில் இருந்தால் இந்தக் கெட்ட நீர்தான் ஆற்றுக்குப் போகிறது. டர்பைனைக் கடந்ததும் அழுத்தம் குறைவதால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல மீத்தேன் வெளியேறிக் காற்றில் கலக்கிறது. நீர்மின்சாரம் எப்போதும் மாசற்றது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

இதைத் தடுக்க வழி உண்டு. பல உயரங்களில் மதகு வைத்த எடுப்புக் கோபுரம் கட்டினால் எந்த அடுக்கிலிருந்து வேண்டுமோ அங்கிருந்து நீரெடுக்கலாம். முதல் வரைபடத்திலேயே இது இடம்பெற வேண்டும். கலிபோர்னியாவின் ஷாஸ்தா அணையில் சால்மன் மீனுக்கு வேண்டிய குளிர்ந்த நீரை விடுவதற்காக 1997-ல் இப்படியொரு அமைப்பைப் பின்னால் பொருத்தியபோது சுமார் 8 கோடி டாலர் செலவானது.

வண்டலுக்கு வருவோம். பருமணல் அணைச் சுவர் வரை வருவதில்லை. ஆறு தேக்கத்துக்குள் நுழையும் இடத்திலேயே படிகிறது. அங்கே படுகை உயர்வதால், மூழ்காது என்று உறுதி தரப்பட்ட மேல்புற ஊர்களிலும் வெள்ளம் ஏறுகிறது. சீனாவில் மஞ்சளாற்றின் சான்மென்ஷியா அணையில் 1960-ல் நீர் நிரப்பத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் இதுதான் நடந்தது. கட்டுமானத்தின்போது ஆற்றை விடுவதற்காக அடியில் வைத்த திசைதிருப்பு வழிகளை, வண்டல் வெளியேறத் திறந்தே வையுங்கள் என்று பொறியாளர் ஹுவாங் வான்லி முன்பே வாதிட்டார். அதைக் கேட்காமல் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். பின்னர் பெருஞ்செலவில் அவற்றையே உடைத்துத் திறந்தார்கள். கீழ்ப்புறத்தின் கதை வேறு. வண்டலை இழந்த நீர் ஆற்றுப் படுகையையும் கரையையும் அரிக்கிறது, பாலத்தின் அடித்தளம் வெளியே தெரிகிறது, கரையோரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்குகிறது. எகிப்தின் அஸ்வான் உயர் அணை வண்டலைப் பிடித்து வைத்துக்கொண்டதால் நைல் கழிமுகக் கடற்கரை அரிப்பு தீவிரமானது.

மாலை மின்தேவைக்காக டர்பைனைத் திடீரென ஓட்டினால் ஆறு சட்டென்று பெருகும். நிறுத்தினால் சட்டென்று வற்றும். கரையோரம் இட்ட மீன்முட்டைகள் காய்ந்துவிடும். ஆற்றில் இறங்கியவர்கள் அடித்துச் செல்லப்படுவார்கள். சங்கு ஊதினால் மட்டும் போதாது, நீரைத் திறக்கும் வேகத்துக்கே வரம்பு வேண்டும்.

உலகெங்கும் அணைகளால் இடம்பெயர்ந்தவர்கள் 4 கோடி முதல் 8 கோடிப் பேர் என்று உலக அணைகள் ஆணையம் 2000-ல் மதிப்பிட்டது. கணக்கெடுப்பில் பெரும்பாலும் பட்டா உள்ளவர்தான் சேர்கிறார். கூலித் தொழிலாளியும், கீழ்ப்புற மீனவரும், வெள்ளம் வடிந்த ஈரத்தில் பயிரிடுபவரும் விடுபடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் சாம்பசி ஆற்றின் கரிபா அணைக்காக டோங்கா மக்கள் சுமார் 57,000 பேர் அகற்றப்பட்டார்கள். ஆற்றங்கரை வண்டலில் பயிரிட்டு வாழ்ந்தவர்களில் பலருக்குக் கிடைத்தது வறண்ட நிலம். 1958 செப்டம்பரில் போக மறுத்தவர்கள்மீது காவல்துறை சுட்டதில் 8 பேர் இறந்தார்கள். அந்த டிசம்பரில் அணையை மூடி நீரைத் தேக்கத் தொடங்கினார்கள்.

முதலில் மக்களை அகற்றி மதகை மூடுவது, வாழ்வுக்கு வழி பிறகு என்ற இந்த வரிசையை மாற்றியாக வேண்டும். மாற்று நிலம் கைக்கு வந்து, அங்கே பாசனம் ஓடி, ஒரு போகமாவது அறுவடையான பிறகே திசைதிருப்பு மதகை மூட அனுமதி தர வேண்டும். மதகு மூடியபின் நீர் ஏறிக்கொண்டே இருக்கும். பேரம் பேச மக்களுக்கு நேரமே இருக்காது. அதனால் திட்டத்தின் பொது விசாரணையில் மதகு மூடும் நாளையும், அதற்கு முன் முடிக்க வேண்டிய மறுகுடியமர்வு வேலைகளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.