கண்ணில் குடியேறும் உயிர்களும் பெட்டியில் வரும் சொட்டு மருந்தும்

(சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் நடந்த கண்நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை, எழுத்து வடிவில்)

அவைத் தலைவர் அவர்களே, இத்தனை வேலைகளுக்கு நடுவில் நேரம் ஒதுக்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, இந்திய நற்பணிச் செயற்குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய மூத்தோர் குழு அம்மையார் அவர்களே, ஓய்வு நாளிலும் வந்திருக்கும் கண் மருத்துவர்களே, தமிழாசிரியர்களே, தேசிய சேவை முகாமிலிருந்து சீருடையோடு வந்து பின்வரிசையில் நிற்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். பொருளாளரை இந்த முறை மறக்காமல் சொல்லிவிட்டேன். சென்ற ஆண்டுக் கூட்டத்தில் அவர் பெயரை விட்ட பேச்சாளருக்குத் தேநீரில் சர்க்கரையே வரவில்லை என்று கேள்வி.

உறுப்பினர் அவர்களுக்கு இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. அவர் எழுந்து போகுமுன் அவரிடம் ஒரு கோரிக்கை வைக்க வேண்டும். அதற்காகவே இன்றைக்குப் பேச ஒப்புக்கொண்டேன். முதலில் தலைப்புக்கு வருகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவன். நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டோம். அவர் கண்ணிலிருந்து சுரண்டி எடுத்த ஒரு துளியை மட்டும் பார்ப்போம். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று என் தாயார் பக்கத்து வீட்டுச் சண்டைகளுக்குச் சொல்வார். கண் நோய்க்கு அது எவ்வளவு பொருந்தும் என்று அவருக்குத் தெரியாது.

இன்று மூன்று செய்திகள். கண்ணுக்குள் எந்த ஒட்டுண்ணிகள் புகுகின்றன, ஆய்வுக்கூடம் அவற்றை எப்படிப் பிடிக்கிறது, வீட்டில் பூனை வளர்ப்போர் என்ன செய்ய வேண்டும். 2024 செப்டம்பர் முதல் வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி உண்டு அல்லவா, அதனால் மூன்றாவதைக் கேட்கவே சிலர் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

ஒட்டுண்ணி என்றதும் ஆப்பிரிக்கா நினைவுக்கு வரும். ஆற்றோரக் கருப்பு ஈ கடித்துப் பரவும் ஆற்றுக்குருடு அங்கே பல லட்சம் பேரின் வாழ்வைக் கெடுத்தது. அதற்கான ஐவர்மெக்டின் மருந்துக்கு வழிவகுத்த கேம்ப்பெல், ஓமுரா இருவருக்கும் 2015இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் நம் ஊர்க் கதைகளும் உண்டு. 2004இல் கோயம்புத்தூரில் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே சமயத்தில் விழித்திரை அழற்சி வந்தது. அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது பூனைக் கழிவு வழியாக வெளியேறும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி என்று தெரிந்தது. குடிநீர் வழியாகப் பரவியிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். தமிழகத்தின் தென் மாவட்டங்களில் குளத்தில் குளித்த சிறுவர்களின் கண்ணுக்குள் சிறு கட்டிகள் தோன்றின. காசநோய் என்று பலர் நினைத்தவற்றுக்கு நத்தை வழியாக வரும் தட்டைப்புழு காரணமாகலாம் என்று கண்டறிந்ததும் அந்த மருத்துவமனையினர்தான்.

சிங்கப்பூரிலும் உண்டு, தம்பிகளே. மழை பெய்த திடலில் சேறு கண்ணில் தெறித்தால் மைக்ரோஸ்போரிடியா என்ற நுண்ணுயிர் புகலாம். முன்பு ஒட்டுண்ணிகளில் சேர்த்திருந்தார்கள், இப்போது பூஞ்சைகளின் பக்கம் தள்ளிவிட்டார்கள். 2012இல் இங்கே நடந்த ரக்பி போட்டிக்குப் பிறகு விளையாட்டாளர்கள் பலருக்கு இது வந்தது. பார்த்தால் சாதாரண ‘மெட்ராஸ் ஐ’ மாதிரியே இருக்கும். கருவிழியின் மேல்தோலைச் சிறிது சுரண்டிச் சாயமேற்றிப் பார்த்தால்தான் வித்து தெரியும். கண்ணால் காண்பதும் பொய்!

இப்போது அந்தக் கதை. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கட்டும்.

ஈசூனில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம். பெண்ணுக்குக் கணக்காளர் வேலை. மாதம் ஒருமுறை மாற்றும் கான்டாக்ட் லென்ஸ். சனிக்கிழமை நீச்சல், லென்ஸோடுதான். வந்ததும் லென்ஸ் டப்பாவைக் குழாய்த் தண்ணீரில் ஓர் அலசு. ஒரு திங்கட்கிழமை இடது கண் சிவந்தது. தாயார் என்ன செய்தார்? திருஷ்டி என்றார். உப்பு, மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். பத்தாவது மாடி முழுக்க இருமல்! எதிர்வீட்டு மலாய் அம்மா கதவைத் தட்டி, ‘என்ன சம்பல் செய்கிறீர்கள், இவ்வளவு காரமா?’ என்று விசாரித்தார். மேல்மாடிச் சீனத் தாத்தா சன்னல்களைப் படார் படாரென்று சாத்தினார். கண் மட்டும் சிவந்தபடியே இருந்தது.

அந்த வாரம்தான் திருச்சியிலிருந்து பாட்டி வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்தால் முறுக்கு, வடகம், பருப்புப்பொடி. அடியில் புடவைக்குள் சுற்றிய சிறு பாட்டில். பாட்டியின் கண்புரை அறுவைக்குப் பின் கொடுத்த சொட்டு மருந்து. அது ஸ்டீராய்டு. ‘எனக்கு ரெண்டே நாள்ல சரியாச்சு, பாப்பாவுக்குப் போடு’ என்றார். போட்டார்கள். இரண்டே நாளில் சிவப்பு குறைந்தும் போனது! பாட்டிக்கு அன்று முதல் புளோக்கில் தனி மரியாதை. மின்தூக்கியில் பார்ப்பவர்களெல்லாம் கண்ணைக் காட்டினார்கள். ஒருவர் முட்டியைக் காட்டினாராம்.

மூன்றாம் வாரம் வலி தொடங்கியது. சாதாரண வலி இல்லை. கண்ணில் தெரியும் புண் சிறிது, வலி அதற்குப் பத்து மடங்கு. வெளிச்சம் ஆகாமல் சன்னலுக்குத் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தாள் பெண். முதலில் போன இடத்தில் ஹெர்பிஸ் வைரஸ் என்று மருந்து கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாது, தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பிறகு பெரிய மருத்துவமனை. இளம் மருத்துவர் கேட்டார்: ‘இதற்கு முன் என்ன மருந்து போட்டீர்கள்?’ தாயார் பாட்டியைப் பார்த்தார். பாட்டி கூரையைப் பார்த்தார். ‘ஒண்ணும் போடலை டாக்டர்.’

காதால் கேட்பதும் பொய் என்றேனே, இதுதான் ஐயா!

ஸ்டீராய்டு வீக்கத்தை அடக்கும். சிவப்பு மறையும். தண்ணீரிலிருந்து லென்ஸ் வழியாக உள்ளே புகுந்த அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிர் மறையாது, எதிர்ப்பு குறைந்த இடத்தில் நன்றாகப் பெருகும். நோய் தெரியுமுன்பே ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு முடிவு மோசமாகிறது என்பது மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. அந்த மருத்துவர் விடவில்லை. நீச்சலைப் பற்றிக் கேட்டார், லென்ஸைக் கேட்டார், டப்பாவைக் கேட்டார். டப்பா குப்பைக்குப் போய்விட்டது. போகாமல் இருந்தால் அதிலேயே அமீபாவைத் தேடியிருக்கலாம். கடைசியில் பேத்தியின் முனகலைத் தாங்காமல் பாட்டியே கைப்பையைத் திறந்து பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

அதன் பிறகு வேலை எங்களைப் போன்றவர்களுடையது. கண்ணை மரக்கச் செய்து, கருவிழியை மெல்லச் சுரண்டி அனுப்புவார்கள். கொஞ்சத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கால்கோஃபுளோர் என்ற சாயமிட்டு, புறஊதா ஒளியில் பார்ப்போம். அமீபா தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் இரட்டைச் சுவர்க் கூடு ஒளிரும். மீதியை ஆகாரில் வைப்போம். நோன்பு துறக்கும்போது சாப்பிடுகிறோமே கடல்பாசி, அதேதான், ஆனால் சர்க்கரையோ சத்தோ எதுவும் சேர்க்காதது. அதன் மேல் ஈ. கோலி பாக்டீரியாவைப் பூசுவோம். அமீபா இருந்தால் அதைத் தின்றுகொண்டே நகரும், போன வழியில் தடம் விழும். நாள்தோறும் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அவசரமானால் பிசிஆர் முறையில் மரபணுவைத் தேடலாம். கன்ஃபோக்கல் நுண்ணோக்கி இருந்தால் சுரண்டாமலே உயிருள்ள கண்ணுக்குள் கூடுகளைப் பார்க்கலாம், பார்ப்பவருக்குப் பழக்கம் வேண்டும். ஒரு சோதனையில் ‘இல்லை’ என்று வந்தால் நோய் இல்லை என்று பொருள் இல்லை. ஆழத்தில் ஒளிந்திருந்தால் சுரண்டலில் சிக்காது. தீர விசாரிப்பது என்றால் இவ்வளவும்தான்.

அந்தப் பெண்ணுக்கு அமீபாதான். தொடக்கத்தில் மணிக்கொரு தடவை, இரவிலும் எழுப்பிச் சொட்டு. மாதக்கணக்கில் சிகிச்சை. பார்வை தப்பியது, தழும்பு தங்கியது. இப்போது மூக்குக்கண்ணாடிதான்.

நம் குழாய்த் தண்ணீரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். தாராளமாகக் குடியுங்கள். அகந்தமீபா உலகெங்கும் மண்ணிலும் நீரிலும் வாழ்கிறது. அதன் கூடு குளோரினுக்குச் சாகாது. லென்ஸை மட்டும் தண்ணீரிடம் காட்டாதீர்கள்.

உறுப்பினர் அவர்களே, இப்போது என் கோரிக்கை. ஸ்டீராய்டு கண் மருந்தை இங்கே மருத்துவர் சீட்டில்லாமல் வாங்க முடியாது. ஊரிலும் சட்டம் அதுவே, ஆனால் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது பெட்டியில் வருகிறது. வீடுகளுக்கும் வருகிறது, ஊழியர் தங்குவிடுதிகளுக்கும் வருகிறது. சிமெண்டுத் தூசி விழுந்த கண்ணுக்கு அறைத்தோழனின் மருந்தைப் போட்டுக்கொள்ளும் தம்பியை யார் கேட்பது? சமூக மன்றங்களிலும் விடுதிகளிலும் பழைய கண் மருந்துகளைச் சேகரிக்க ஒரு பெட்டி வைக்க வேண்டும். பக்கத்தில் தமிழிலும் வங்காளத்திலும் ஓர் அறிவிப்பு வேண்டும். செலவு அதிகமில்லை, பொருளாளர் தலையசைக்கிறார். மூன்று கூட்டங்களில் இதைச் சொல்லிவிட்டேன், நான்காவதிலும் சொல்வேன்.

பூனை விஷயம்... நேரம் முடிந்தது என்று சீட்டு வந்திருக்கிறது. கர்ப்பிணிகள் பூனைக் கழிவு மணலை வேறொருவரிடம் அள்ளச் சொல்லுங்கள், இறைச்சியை நன்றாக வேகவையுங்கள். மீதியை மருத்துவர்களிடம் கேளுங்கள், இங்கேயே இருக்கிறார்கள்.

செயற்குழு ஒரு மாதிரிப் பெட்டி வைத்திருக்கிறது. வாசலுக்கு வலப்பக்கம், பலகார மேசையை அடுத்து. வீட்டில் பழைய சொட்டு மருந்து இருப்பவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்து போடலாம், பெயர் கேட்க மாட்டோம். இப்போது கண்ணில் வலியோடு இருப்பவர்கள் மட்டும் பாட்டிலை இங்கே போட வேண்டாம். அதையும் லென்ஸ் டப்பாவையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.