கொம்பனுக்கு எத்தனை ஹிட் பாயின்ட்? அண்ணன்மார் கதையில ஒரு ஆர்பிஜி உலகம்

வணக்கமுங்க! 300 ஹிட் பாயின்ட் (சாகறதுக்கு முன்னாடி எவ்வளவு அடி தாங்கும்ங்கற கணக்கு) வெச்ச டிராகனா, ஒரு குட்டி நாயைக் கூப்பிடாம சாகவே சாகாத காட்டுப்பன்னியா? பெரிய வில்லன் பன்னிதானுங்க. அது நம்ம கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையில வர்ற கொம்பன்ங்கற பன்னி!

பின்னணியை வெரசா முடிச்சுக்கறேன். 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியிட்டாங்க. இதுதான் ஆர்பிஜி, அதாவது ஆளுக்கொரு பாத்திரமா மாறி மேசையில ஆடற கதை விளையாட்டு. கேம் மாஸ்டர் உலகத்தைச் சொல்லுவாரு, பிளேயர் என்ன பண்றேன்னு சொல்லுவாரு, பலிக்குமான்னு பகடை சொல்லும். அவ்வளவுதான்.

(திரையில்: அறுகோணக் கட்டம் போட்ட தாள்)

இதுதான் நம்ம ஆட்டத்தோட வரைபடம், கொங்கு நாடு. ஒரு கட்டம் 10 கிலோமீட்டர். மேக்கால பாலக்காட்டுக் கணவாய். வெள்ளிங்கிரி மலையில பொறக்கற நொய்யல், கெழக்கால போய்க் காவிரியில சேருது. அந்தக் கரையில கொடுமணல். இரும்பு உலையும் கல்மணிப் பட்டறையும் அங்க தோண்டி எடுத்தது நெசம். அதனால "இந்தக் கத்தி எங்கிருந்து வந்துச்சு?"ன்னு பிளேயர் கேட்டா, விரலை வெச்சுக் காட்டலாம்.

நடந்து போனா நாளைக்கு 3 கட்டம். கட்டத்துக்கு ஒருக்கா ஆறுபக்கப் பகடை உருட்டுங்க. 1 விழுந்தா எதோ எதிர்ப்படுது. என்னன்னு பார்க்க ரெண்டு பகடையைச் சேர்த்து உருட்டுங்க. எல்லாரும் கோட்டை விடற எடம் இது! பன்னெண்டுபக்கப் பகடை ஒண்ணை உருட்டினா, செம்மறியாட்டு மந்தை வர்ற வாய்ப்பும் ராட்சசப் பன்னி வர்ற வாய்ப்பும் ஒண்ணாப் போயிரும். ரெண்டு பகடையில 7 விழ 36ல 6 வழி, 12 விழ ஒரே வழி. மந்தையை 7ல வைங்க, கொம்பனை 12ல வைங்க. அப்ப ஒரு கட்டத்துல கொம்பன் வர்றது (6ல 1, அதுல 36ல 1) 216ல 1. 18 நாள் நடந்தா 54 கட்டம், மொத்தத்துல 22 சதவீதம். வருமா வராதான்னு பயந்துட்டே நடப்பாங்க, அதுதானே வேணும்!

இப்ப பன்னிக்கு வருவோம். 1965ல காங்கேயத்துக்குப் பக்கம் ஓலப்பாளையத்துல, பிரெண்டா பெக்ங்கற மானிடவியல் ஆய்வாளர் 18 ராத்திரி, உடுக்கை அடிச்சுப் பாடற அண்ணன்மார் கதையை டேப்புல பதிஞ்சாங்க. பொன்னர், சங்கர்ங்கற அண்ணன் தம்பி, கூடவே அவங்க துணையாளு சாம்புவன், நடக்கப்போறதை முன்னாடியே கனவுல காணற தங்கச்சி தங்காள். அச்சு அசலா ஒரு ஆர்பிஜி பார்ட்டிங்க, சேர்ந்து சாகசம் போற குழு! வேட்டைக்குப் போறப்ப பொன்னாச்சிங்கற சின்னப் பொட்டை நாயை விட்டுட்டுப் போயிடறாங்க. அதுக்கு வந்துச்சு பாருங்க கோவம்! கடைசியில அது வந்து கடிச்சப்புறந்தான் சங்கர் கொம்பனைக் குத்திச் சாய்க்கறான்.

ஹிட் பாயின்ட்டை ஏத்திட்டே போனா சண்டை நீளும், சுவாரசியம் நீளாதுங்க. கொம்பனுக்கு 60 போதும். ஆனா மதிக்காம விட்ட ஒருத்தரைத் திரும்பக் கூப்பிடற வரைக்கும் எந்த ஆயுதமும் அதும்மேல எறங்காதுன்னு விதி வைங்க. அதைக் கண்டுபிடிக்க மூணு துப்பு வேணும், ஒண்ணு பத்தாது. ஒண்ணை விட்டுருவாங்க, இன்னொண்ணைத் தப்பாப் புரிஞ்சுக்குவாங்க. தங்காள் கனவுல ஒண்ணு, மேய்க்கறவங்க பேச்சுல ஒண்ணு, சோறு தொடாம வாசல்ல படுத்துக் கெடக்கற நாய் ஒண்ணு.

படுகளத்தை, அதாவது அண்ணன்மார் சாகற கடைசிக் கட்டத்தை மட்டும் முன்கூட்டியே எழுதி வெக்காதீங்க. பாட்டுல அண்ணன்மார் சாகத்தான் வேணும். மேசையில முடிவு முன்னாடியே தெரிஞ்சா, பகடை எதுக்குங்க?

ஒரு சிக்கல். ஈரோடு, தாராபுரம் பக்கத்து ஆளுங்க ஆட வந்தா, பொன்னாச்சி கதை அவங்களுக்கு ஏற்கெனவே அத்துப்படி. அதனால பலவீனத்தை மாத்தி வெக்கோணும். உங்கூர் உடுக்கடியில கொம்பனை எப்படிச் சாய்க்கறாங்க? ஊர் பேரோட கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல துப்புப் பட்டியலை அதை வெச்சே போடறேனுங்க.