முல்லெவாவில் சாலையோரம் பூக்கும் வளையங்கள்

வணக்கம் மக்களே! காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வந்திருப்பது மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள முல்லெவா. பெர்த்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 420 கிலோமீட்டர் போனால் கடற்கரையில் ஜெரால்ட்டன் வரும். அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பி இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினால் இந்த ஊர். சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். சுற்றிலும் கோதுமை வயல். ஆனால் ஆகஸ்ட் வந்துவிட்டால் கேரவன்கள் வரிசையாக வந்து நிற்கும். காரணம் பூ.

வரும் வழியில் கண்ணுக்கு எட்டிய தூரம் மஞ்சளாக விரிந்திருந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா? அது கனோலா, எண்ணெய்க்காகப் பயிரிடுவது. அதைக் காட்டுப்பூ என்று நினைத்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நாம் தேடி வந்தது தானாக முளைக்கிற பூ.

ஊருக்குள் வந்ததும் நான் முதலில் போனது தகவல் மையத்துக்கு. அங்கே இருந்த அம்மா வரைபடத்தை விரித்து, இந்த வாரம் எங்கே பூத்திருக்கிறது என்று பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தார். இதைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். போன வருஷம் யாரோ எடுத்த வீடியோவில் இருந்த இடத்தை மேப்பில் குறித்துக்கொண்டு வராதீர்கள். இங்கே பூ குளிர்கால மழையை நம்பி இருக்கிறது. மழை எப்போது, எவ்வளவு பெய்தது என்பதைப் பொறுத்து நாளும் மாறும், இடமும் மாறும். பொதுவாக ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை நல்ல காலம். கிளம்புவதற்கு முன்னால் ஊருக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அவர் போட்ட வட்டங்களில் ஒன்று பிண்டார் பக்கம். முல்லெவாவிலிருந்து கிழக்கே 30 கிலோமீட்டர் போய், வடக்கே பிரிகிற மண் சாலையில் திரும்ப வேண்டும். இப்போது அங்கேதான் நிற்கிறேன். கேமராவை அப்படியே தரைக்கு இறக்குகிறேன், பாருங்கள்.

தெரிகிறதா? இதுதான் ரீத் ஃப்ளவர், அதாவது மலர்வளையப் பூ. தாவரவியல் பெயர் லெஷனால்டியா மாக்ராந்தா. நடுவில் பூவே இல்லை, வெறும் மெல்லிய பச்சை இலைகள். தண்டுகள் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் தரையோடு படர்ந்து போகின்றன. அந்தத் தண்டுகளின் நுனியில் மட்டும் பூக்கள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. அதனால் செடி முழுக்க ஒரு வட்டமாகிவிடுகிறது, கட்டின பூச்சரத்தை யாரோ வளைத்துச் சரளை மேல் வைத்துவிட்டுப் போன மாதிரி. ஒரு பூவை மட்டும் கிட்டே காட்டுகிறேன். உள்ளே வெளிர் மஞ்சள், ஓரத்துக்கு வர வர இளஞ்சிவப்பு, நுனியில் நல்ல சிவப்பு. இதழ் துணி சுருங்கின மாதிரி லேசாகச் சுருக்கம் விழுந்திருக்கிறது.

இது வளர்ந்திருக்கிற இடத்தைப் பாருங்கள். காட்டுக்குள் இல்லை. சாலை போடும் இயந்திரம் வழித்துவிட்ட ஓரம், வெறும் செம்மண்ணும் சரளையும். மண்ணைக் கிளறிவிட்ட இடத்திலும் தீ ஓடிய இடத்திலும் விரும்பி முளைக்கிற செடி இது. நாலடி தள்ளிப் புதர் அடர்ந்திருக்கிறது, அதற்குள் ஒன்றைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை. இந்த நாட்டில் தீயை நம்பி முளைக்கிற விதைகள் ஏராளம். புகையில் இருக்கும் எந்தப் பொருள் விதையை எழுப்புகிறது என்பதைப் பெர்த் விஞ்ஞானிகள் 2004இல்தான் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். எனக்கு அது இன்னும் ஆச்சரியம்தான்.

சாலையோரத்தில் பூப்பதால் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வண்டியை ஓரம் கட்டினால் சக்கரம் ஏறுவது இந்தச் செடி மேல்தான். இறங்கிப் பார்த்துவிட்டு, ஏற்கனவே தடம் விழுந்த இடத்தில் நிறுத்துங்கள். அங்கே பாருங்கள், ஒரு வளையத்தின் பாதி நசுங்கிக் கிடக்கிறது. மனசு வலிக்கிறது. பறிக்கவும் கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அனுமதியில்லாமல் காட்டுப்பூவைப் பறிப்பது சட்டப்படி குற்றம். இந்த மாநிலத்தில் 12,000க்கும் மேற்பட்ட தாவர வகைகள் உண்டு, அவற்றில் பாதிக்கும் மேல் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. சட்டம் கடுமையாக இருப்பது நியாயம்தான்.

சரி, வளையப் பூ மட்டும்தானா என்றால் இல்லை. முல்லெவாவுக்குத் தெற்கே கோல்சீம் என்ற பாதுகாக்கப்பட்ட பகுதி இருக்கிறது. 1846இல் கிரெகரி சகோதரர்கள் அங்கே நிலக்கரியைக் கண்டார்கள், பெயர் அதிலிருந்து வந்தது. அங்கே எவர்லாஸ்டிங் பூக்கள் தரை தெரியாமல் வெள்ளையும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக விரிந்திருக்கும். பூவை லேசாகத் தொட்டால் காகிதம் போலச் சரசரக்கும். நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் உலர்ந்த செதில். நிஜமான பூக்கள் நடுவில் பொடிப்பொடியாக இருக்கின்றன. வெயில் வந்தால்தான் நன்றாக விரியும், மேகம் மூடினால் சுருங்கிக்கொள்ளும். அதனால் விடியற்காலையிலேயே போய் ஏமாறாதீர்கள், பத்து மணிக்கு மேல் போங்கள்.

அப்புறம், ஊரில் ஒரு கல் தேவாலயம் இருக்கிறது. ஜான் ஹாவ்ஸ் என்ற பாதிரியார் தானே வரைந்து, கல் சுமந்து, 1920 முதல் 1927 வரை கட்டியது. அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

வருபவர்கள் ஜெரால்ட்டனிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, தண்ணீரும் எடுத்து வாருங்கள். பிண்டார் தாண்டினால் போனில் சிக்னல் போய்விடுகிறது, வரைபடம் கையில் இருக்கட்டும். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும், கங்காரு எந்தப் பக்கத்திலிருந்து குறுக்கே பாயும் என்று சொல்ல முடியாது. எனக்கும் நேரமாகிறது. நாளைக்கு வெயில் அடித்தால் கோல்சீமிலிருந்து அடுத்த வீடியோ வரும்.