கோட்டில் குத்திய பெயர் அட்டை

[திரையில்: ரயில் நிலையம், வரிசையாகக் குழந்தைகள்]

1939 செப்டம்பர் 1, இரண்டாம் உலகப் போர் தொடங்கும் நேரம். லண்டன் ரயில் நிலையங்களில் பிள்ளைகள் பள்ளி பள்ளியாக நிற்கிறார்கள். கோட்டில் பெயர் அட்டை. தோளில் ஒரு அட்டைப் பெட்டி, உள்ளே விஷவாயு முகமூடி. எங்கே போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. அனுப்பி வைத்த அம்மாவுக்கும் தெரியாது. பிள்ளை போய்ச் சேர்ந்து தபால் அட்டை போட்டால்தான் ஊர்ப்பெயரே தெரியவரும்.

ஜெர்மனி குண்டு வீசும் என்ற பயத்தில், பிரிட்டன் அரசு சில நாட்களிலேயே ஏறக்குறைய 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து அனுப்பியது. அதில் பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள்.

[திரையில்: கிராமத்து மண்டபம், பெஞ்சுகள்]

பல ஊர்களில் பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். ஊர்க்காரர்கள் வந்து பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்கள். சுத்தமாக உடுத்திய சிறுமிகளும், வயல் வேலைக்கு உதவும் திடமான பையன்களும் முதலில் போய்விட்டார்கள். தம்பியின் கையை விடமாட்டேன் என்று நின்ற அக்காக்கள் கடைசிவரை காத்திருந்தார்கள். இருவரையும் சேர்த்து ஏற்க எல்லா வீட்டாரும் தயாராக இல்லை. இந்த வரலாறு முழுவதிலும் என் மனதை விட்டுப் போகாதது இந்த மண்டபம்தான்.

ஒரு குழந்தையை மட்டும் ஏற்றுக்கொண்ட வீட்டுக்கு அரசிடமிருந்து வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் கிடைத்தது. சில வீடுகளில் பாசமும் கிடைத்தது. சில வீடுகளில் அடி. ராத்திரி படுக்கையை நனைத்த பிள்ளைகளை 'வளர்ப்பு சரியில்லை' என்று திட்டினார்கள். வீட்டை விட்டு வந்த ஏக்கம் அது என்று புரிந்துகொண்டவர்கள் குறைவு.

எதிர்பார்த்த குண்டுகள் உடனே விழவில்லை. 1940 ஜனவரிக்குள் பாதிப் பேருக்கு மேல் வீடு திரும்பிவிட்டார்கள். அப்புறம் செப்டம்பரில் லண்டன் மீது குண்டுமழை தொடங்கியது. மறுபடியும் அதே ரயில், அதே அட்டை.

அந்த நாட்களில் லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்தியவர்கள், குழந்தைகளின் மனதை ஆராய்ந்த ஆன்னா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்காமும். சின்னக் குழந்தைகளைக் குண்டுவீச்சைவிட அம்மாவைப் பிரிந்ததே அதிகம் உலுக்கியது என்று அவர்கள் பதிவு செய்தார்கள்.

[திரையில்: பனி, கப்பல் துறை]

போரின்போது பின்லாந்தும் தன் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியது. அங்கே இந்தப் பிரிவு இன்னும் நீண்டது. சுமார் 70,000 குழந்தைகள், பெரும்பாலும் ஸ்வீடனுக்குப் போனார்கள். பலர் மிகச் சிறியவர்கள். போர் முடிந்து ஊர் திரும்பியபோது, அம்மா ஃபின்னிஷில் கூப்பிட்டாள். பிள்ளைக்குத் தெரிந்ததோ ஸ்வீடிஷ் மட்டும். பசிக்கிறது என்று சொல்லக்கூட அம்மாவின் மொழி அதனிடம் இல்லை.